நடவு நாளில் பரீட்சை

ஜூன் 4, ஞாயிறு

மிஷனரி சங்கத்தில் ஆளுக்கு ஒரு டைரி கொடுத்து, ஊழிய விவரங்களை அன்றன்றைக்கு எழுதிவர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். எனக்குமா என்று கேட்டேன். எல்லாருக்கும்தான் என்றார்கள். நான் படித்தது நாலாங்கிளாஸ். என் ஊழியம் சோறு வடிக்கிறது. சரி, எழுதிவிடுவோம்.

இன்றைய ஊழிய விவரம்: நேபாளத்துப் பருப்பு வேக மாட்டேன் என்கிறது. மலை உயரத்தில் அப்படித்தானாம். மூன்று மணி நேரம் அதற்காக ஜெபம்பண்ணினேன். பிறகு குக்கரில் போட்டேன்.

நாங்கள் இருப்பது தோபான் பஜார். இரண்டு ஆறு சேரும் இடம். சுற்றிலும் மலை, மலைமேல் ஊர், ஊருக்கு ஒரு சின்ன சபை. நாலு வயசுச் சபை, ஆறு வயசுச் சபை என்று குழந்தைகளைச் சொல்வதுபோலச் சொல்கிறார்கள். அவற்றின் போதகர்கள் பதினொரு பேருக்கு ஒரு மாத வகுப்பு. நடத்துகிறவர் எங்கள் ஞானாயுதம் ஐயர். எங்கள் பக்கம் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வோம். வயசு அறுபத்தெட்டு. முன்னே உபதேசியார் பயிற்சிப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து, ஓய்வுபெற்று, ஓய்வு பிடிக்காமல் இங்கே வந்துவிட்டார். ஐயரம்மாவுக்கு முட்டுவலி, வரவில்லை. எனக்கும் முட்டுவலிதான். ஆனால் என்னை யார் கேட்டார்கள்?

ஜூன் 5, திங்கள்

வகுப்பு தொடங்கியது. ஐயர் முதலில் எடுத்தது வேதபுத்தகம் அல்ல, வருகைப் பதிவேடு. சிவப்பு மை, நீல மை, அடிஸ்கேல். மூன்று நாளுக்கு மேல் வராதவர்களுக்குச் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இருந்தால்தான் பஜார் சபையில் தலைமேல் கைவைத்துப் பிரதிஷ்டை. பிரதிஷ்டை ஆனால்தான் ஞானஸ்நானமும் திருவிருந்தும் கொடுக்கலாம். இல்லையென்றால் அடுத்த வருஷ வகுப்புவரை காத்திருக்க வேண்டியதுதான். இதைச் சொல்ல அவருக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

மொழிபெயர்ப்பு யுபராஜ். நேபாளிதான். ஏழு வருஷம் பாளையங்கோட்டையில் பரோட்டாக் கடையில் மாவு பிசைந்தவன். முதல் நாள், “ஏக்கா, சாப்ட்டியளா?” என்று அவன் கேட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததால் தப்பித்தேன்.

ஐயர் எங்கள் ஊர்ப் பதனீரை வைத்து ஒரு பிரசங்கம் செய்தார். பனைமரத்தைக் கண்ணால் கண்டிராத பதினொரு பேரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். யுபராஜ் என்னதான் சொன்னானோ என்று பிறகு விசாரித்தேன்.

“அவங்க ஊர்ல மரத்துல ஏறி டீ எறக்குவாங்கன்னு சொல்லிட்டேன் அக்கா. வேற எப்படிச் சொல்ல?”

ஜூன் 10, சனி

இங்கே ஆராதனை சனிக்கிழமை. நாட்டுக்கே அன்றுதான் விடுமுறை. ஐயர் காலையில் இருந்தே முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். “சனிக்கிழமை ஆராதனையா?” என்று நாலு தடவை கேட்டுவிட்டார். “ஐயா, ஆண்டவருக்கு ரெண்டு நாளும் லீவுதான்” என்றேன். என்னைப் பார்த்த பார்வையில் பால் திரிந்துவிடும்.

ஜூன் 13, செவ்வாய்

பதினொரு பேரில் சுக்மான் என்று ஒருவன். முப்பத்தைந்து வயசு இருக்கும். சிம்லே என்ற ஊர், இங்கிருந்து ஒன்றரை மணி நேரம் ஏற்றம். பாடம் முடிந்ததும் மற்றவர்கள் ஆற்றங்கரையில் உட்காருவார்கள். இவன் வந்து என் அண்டாவைக் கழுவுவான். வேண்டாம் என்றால் கேட்பதில்லை. நான் தமிழில் திட்டுகிறேன், அவன் நேபாளியில் சிரிக்கிறான்.

யுபராஜை நடுவில் வைத்துக் கதை கேட்டேன். அவன் சபையில் பதினாலு வீடு. ஏழு பேர் இரண்டு வருஷமாக ஞானஸ்நானத்துக்குக் காத்திருக்கிறார்கள். போன வருஷம் பஜார் பாஸ்டரை வரச்சொன்னார்கள், பாதி வழியில் மலை சரிந்து அவர் திரும்பிவிட்டார், பிறகு வரவே இல்லை. ஏழு பேரில் சுக்மானின் பெண்சாதி பூல்மாயாவும் ஒருத்தி.

“பாஸ்டர் வீட்டம்மாவுக்கே இன்னும் ஆகலையா?” என்று கேட்டேன்.

“அவங்க அம்மா அப்பா சம்மதிக்கட்டும்னு காத்திருந்தாங்களாம். சம்மதிச்சப்ப பாதை இல்லாமப் போச்சாம்” என்றான் யுபராஜ்.

சுக்மான் ஏதோ சொன்னான். “இந்த வருஷம் என் கையாலேயே கொடுத்திருவேன்ங்கான்” என்றான் யுபராஜ். சுக்மான் தன் கையைப் பார்த்தான். அதில் என் அண்டாக் கரி அப்பியிருந்தது.

ஜூன் 15, வியாழன்

காலையில் இருந்து மழை. தகரக் கூரையில் ஐயர் பேசுவது ஒன்றும் கேட்கவில்லை. பதினொரு பேரும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐயருக்குக் கோபம். “மழையை இவனுவ பார்த்ததே இல்லையா?”

எனக்கு விளங்கிவிட்டது. இந்தப் பார்வையை நான் பார்த்திருக்கிறேன். நான் ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம். ஆனி பிறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்தால் எங்கள் தெருவில் ஒருத்தருக்கும் உட்கார முடியாது. நாற்றுப் பாவினவனுக்கு மனசு வயலில்தான் இருக்கும்.

ஐயர் தேரிக்காட்டுக்காரர். செம்மண், பனை, கடல். அவருக்கு அரிசி கடையில் விளைவது. சங்கத்தில் மே மாதம் கன்வென்ஷன், ஜூலையில் மிஷனரி ஞாயிறு, நடுவில் ஜூன் சும்மா கிடக்கிறது என்று தேதி குறித்திருக்கிறார்கள். பதினொரு விவசாயிகளை நடவு மாதத்தில் பெஞ்சில் உட்காரவைக்க வேறு யாருக்கும் தோன்றியிருக்காது.

ஐயரிடம் போய்ச் சொன்னேன். “ஐயா, இவங்களுக்கு இது நடவு மாசம்லா?”

“கர்த்தருடைய வேலைக்கு மாசம் கிடையாது பொன்கனி.”

“நெல்லுக்கு இருக்கே ஐயா.”

“நீ ரசத்தைப் பாரு.”

ஜூன் 16, வெள்ளி

சுக்மான் வரவில்லை. இன்று அவன் வயலில் நடவு. பதிவேட்டில் ஒரு சிவப்புக் கோடு.

ஜூன் 19, திங்கள்

இன்றும் வரவில்லை. நேற்று பூல்மாயா மாட்டுக்குப் புல் அறுத்து முதுகில் சுமந்து வரும்போது வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. சுக்மான் அவளைச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டுவிட்டு மாலையில் இங்கே வந்தான். ஐயர் அவனுக்காக நன்றாகவே ஜெபம் பண்ணினார். ஆமென் சொல்லிவிட்டு இரண்டாவது கோடு போட்டார்.

அந்தச் சிவப்பு மையை எனக்குத் தெரியும். இருக்கட்டும், பழைய கதை.

ஜூன் 20, செவ்வாய்

மூன்றாவது கோடு.

யுபராஜிடம் முழு விவரமும் கேட்டேன். இந்த மலையில் நடவுக்குக் கூலி ஆள் கிடையாது. ‘பர்ம’ என்கிறார்கள். நம் பக்கத்து மாற்றாள் வேலைதான். என் வயலுக்கு உன் வீட்டில் இருந்து ஒரு ஆள் ஒரு நாள் வந்தால், உன் வயலுக்கு என் வீட்டில் இருந்து ஒரு ஆள் ஒரு நாள் வரவேண்டும். தவறினால் அடுத்த வருஷம் அந்த வீட்டு வயலில் ஒருவரும் கால் வைக்க மாட்டார்கள். சுக்மான் வயலை வெள்ளிக்கிழமை ஐந்து வீட்டார் நட்டுக் கொடுத்திருக்கிறார்கள். திருப்பிச் செய்ய வேண்டியவள் பூல்மாயா. அவள் கை கட்டில் தொங்குகிறது. பிள்ளைகள் சின்னது. இன்று ஒரு வீட்டுக்குச் சுக்மானே போய் நட்டான். நடவு இங்கேயும் பெண்கள் வேலைதான், வரிசை முழுக்கச் சிரிப்பாம்.

இன்னும் நாலு வீடு பாக்கி. ஒரு நாள் போனாலும் இங்கே சான்றிதழ் இல்லை. போகாவிட்டால் அங்கே மானம் இல்லை. அந்த ஊரில் சபைக்காரர்கள் பதினாலு வீடு, மற்றவர்கள் நாற்பது. வேதத்துக்குப் போனவன் பர்ம தவறினான் என்று ஒரு பேச்சு வந்தால் போதும்.

ஐயரிடம் சொன்னேன். “விதி எல்லாருக்கும் ஒண்ணுதான் பொன்கனி. ஒருத்தனுக்குத் தளர்த்தினா பத்துப் பேரும் கேப்பான்.”

இரண்டாம் தடவை ரசம் ஊற்றவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஜூன் 21, புதன்

யோசித்துப் பார்த்தேன். வீட்டுக்கு ஒரு ஆள் என்றுதானே கணக்கு? எனக்கும் இரண்டு கை இருக்கிறது. பன்னிரண்டு வயசில் இருந்து இருபத்தெட்டு வயசுவரை நட்ட கை.

யுபராஜிடம் சொன்னேன். “அக்கா, ஒங்களுக்கு முட்டுவலி.”

“முட்டுக்கு நான் சொல்லல. நீயும் சொல்லாத.”

ஜூன் 22, வியாழன்

விடியுமுன் பருப்பும் சோறும் பொங்கி வைத்துவிட்டு மலை ஏறினேன். மத்தியானத்துக்குப் பரோட்டா போடுவதாக யுபராஜ் ஏற்றுக்கொண்டான். வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன், ஒரு இடத்தில் அழுதேன். அது முட்டுக்காக.

சேலையைத் தூக்கிச் சொருகி இறங்கினதும் பெண்கள் என்னைச் சுற்றி நின்று பார்த்தார்கள். நாற்றுமுடியைப் பிரித்து மூன்று மூன்றாகக் கிள்ளி நட ஆரம்பித்தேன். அரைமணி நேரத்தில் சிரிப்பு நின்றது. ஒரு மணி நேரத்தில் நான் வரிசையில் முன்னால் போய்விட்டேன். எங்கள் பக்கம் பின்னால் போய்க்கொண்டே நடுவோம், இவர்களும் அப்படித்தான். எல்லா நாட்டிலும் பெண்கள் இந்த வேலையில் முதுகுப்பக்கமாகத்தான் முன்னேற வேண்டியிருக்கிறது.

பூல்மாயா வரப்பில் உட்கார்ந்து ஒற்றைக் கையால் எனக்குத் தேநீர் ஊற்றினாள். பேச மொழி இல்லை. நான் அவள் கட்டைக் காட்டி, புல்லைக் காட்டி, மலையைக் காட்டி, கண்ணைக் குருடிபோல மூடிக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஜூன் 23, வெள்ளி

இரண்டாவது வீடு. திரும்பி வந்தபோது ஐயர் சமையல்கட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“ரெண்டு நாளா மத்தியானம் பரோட்டா. ஏன்?”

“பிள்ளைகளுக்கு ஒரு மாத்தம் வேண்டாமா ஐயா?”

“காலெல்லாம் சேறு. ஏன்?”

உண்மையைச் சொன்னேன். சுக்மான் இரண்டு நாளும் வகுப்பில் இருந்தான், பாடம் ஒப்பித்தான், நான் போனது அவனுக்குப் பதில் அல்ல, அவன் பெண்சாதிக்குப் பதில் என்றும் சொன்னேன்.

ஐயர் யோசித்தார். அவர் பதிவேட்டில் என் பெயர் இல்லை. அதனால் எனக்குக் கோடு போட முடியாது.

“சமையல் தாமதமானா நான் சும்மா இருக்க மாட்டேன்” என்று எழுந்து போனார். நான் வென்றதாகத்தான் நினைக்கிறேன்.

ஜூன் 25, ஞாயிறு

ஐயர் ஞாயிற்றுக்கிழமையும் வகுப்பு வைப்பதில்லை. முட்டில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். சும்மா இருந்தால் வேண்டாத நினைப்பெல்லாம் வருகிறது.

எங்கள் வீட்டுக்காரர் பத்தொன்பது வருஷம் ஊர்ச் சபையைக் கவனிக்கிற உபதேசியாராக இருந்தார். தற்காலிக உபதேசியார். நிரந்தரமாக்க வேண்டும் என்றால் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து தேற வேண்டும். ஒரே தடவை இடம் கிடைத்தது. நாற்பது நாள் வகுப்பில் முப்பத்தைந்தாம் நாள் ஊரில் அம்மை கண்டு அடுத்தடுத்து மூன்று சாவு. அடக்கம் பண்ண ஆள் இல்லை. வந்தார். ஒவ்வொரு வீட்டிலும் மூன்றாம் நாள் ஜெபம்வரை இருந்தார். திரும்பிப் போனபோது பெயருக்கு நேரே சிவப்பில் கோடு இழுத்து அடித்திருந்தது. பிறகு அவர் விண்ணப்பம் போடவில்லை. எட்டு வருஷம் முன்னே போய்ச் சேரும்போதும் தற்காலிகம்தான்.

அந்த வகுப்பின் தலைமையாசிரியர் யார் என்று எழுத வேண்டுமா என்ன? அவருக்கு இன்றைக்குக் கத்தரிக்காய்க் கூட்டில் காரம் கொஞ்சம் தூக்கல். நாலு செம்பு தண்ணீர் குடித்தார்.

ஜூன் 27, செவ்வாய்

மூன்றாவது வீடு முடிந்தது. இனி ஒரே வீடு. வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைதான் இங்கே பரீட்சை. பரவாயில்லை, நான் போவேன், அவன் எழுதுவான்.

ஜூன் 28, புதன்

நான் போட்ட திட்டத்தில் மண் விழுந்தது.

கடைசி வீட்டுக்காரர் ஹவில்தார். பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர், சிம்லேயில் அவர் வைத்ததுதான் சட்டம். சபை என்றால் ஆகாது. இன்று குடையை ஊன்றிக்கொண்டு நேரே வகுப்பு வாசலுக்கே வந்துவிட்டார். பாடம் நின்றது. யுபராஜ் சொல்லச் சொல்ல நான் கேட்டது இது:

“சுக்மான் வயலுக்கு நான் எம் மகளை அனுப்புனேன். கூலிக்காரியை அனுப்பல. எனக்குச் சுக்மான் வீட்டு ஆள்தான் வேணும்ங்காரு.”

“நான் அவன் அக்கான்னு சொல்லு” என்றேன்.

ஹவில்தார் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு உள்ளே இருந்த பத்துப் பேரையும் குடையால் காட்டினார்.

யுபராஜ் தயங்கினான். “என்னல சொல்லுதாரு?” என்றார் ஐயர்.

“நீங்க எல்லாரும் ஒரே குடும்பம்னு மைக் வச்சுப் பாடுதீங்களே, அது உண்மைன்னா இந்தத் தம்பிமாரெல்லாம் ஆசார் நடவு மாசத்துல நிழல்ல உட்காந்து என்ன பண்ணுதாங்கன்னு கேக்காரு. வயசான சமையக்காரி ஒருத்தி மட்டுந்தான் குடும்பமான்னு கேக்காரு.”

வயசான என்ற சொல் அவருடையதா யுபராஜுடையதா என்று தெரியவில்லை. இரண்டு பேரையும் குறித்து வைத்திருக்கிறேன்.

சுக்மான் எழுந்து நின்று ஒரே வார்த்தை சொன்னான். வருகிறேன் என்று. ஹவில்தார் போய்விட்டார். மழையில் குடையை விரிக்கக்கூட இல்லை.

ஜூன் 29, வியாழன்

காலையில் சுக்மான் ஐயரிடம் வந்து, பரீட்சையை மறுநாள் எழுதலாமா என்று கேட்டான். ஐயர் முடியாது என்றார். சுக்மான் தலையை ஆட்டிவிட்டு வந்து என் அண்டாவைக் கழுவினான். நான் பிடுங்கினேன், விடவில்லை. “பூல்மாயாட்ட என்ன சொல்லப்போற?” என்று கையால் கேட்டேன். ஆகாயத்தைக் காட்டினான். அடுத்த வருஷம் என்று அர்த்தமோ, ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று அர்த்தமோ!

எனக்கு அடக்க முடியவில்லை. ஐயருக்குக் காப்பி கொண்டுபோய் வைத்துவிட்டு நின்றேன்.

“ஐயாவுக்குத் தேவபிச்சைன்னு ஒரு உபதேசியாரைத் தெரியுமா? ஒங்க பள்ளிக்கூடத்துல படிச்சவரு. முப்பத்தஞ்சு நாள் படிச்சவரு.”

“எந்தத் தேவபிச்சை? நூறு தேவபிச்சை வந்திருப்பான்.”

“சவ அடக்கத்துக்குப் போனதுக்காகப் பேரை அடிச்சீங்களே, அந்தத் தேவபிச்சை. எங்க வீட்டுக்காரரு.”

ஐயர் காப்பியை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். “ஞாபகமில்லை பொன்கனி” என்றார்.

அதுதான் எனக்கு அதிக எரிச்சல். வேண்டுமென்று செய்திருந்தால்கூட ஒருவகை.

ஜூன் 30, வெள்ளி

இன்றைக்கு நிறைய எழுத வேண்டும். கை வலிக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

பத்து மணிக்குப் பரீட்சை. மூன்று மணி நேரம். சுக்மான் இடம் காலி. ஐயர் அந்த இடத்தைப் பார்க்காமலே கேள்வித்தாளைக் கொடுத்துக்கொண்டு போனார். நான் சமையல்கட்டில் சட்டி பானைகளை எவ்வளவு சத்தமாக வைக்க முடியுமோ அவ்வளவு சத்தமாக வைத்தேன்.

பதினொரு மணிக்குத் திரும்பிப் பார்த்தால் ஹாலில் ஐயர் மட்டும் நிற்கிறார். மேசைமேல் பத்து விடைத்தாள். பெஞ்சில் ஒரு ஆள் இல்லை.

“ஒரு மணி நேரத்துல எழுதிக் குடுத்துட்டு ஓடிட்டாங்க! எங்க போனானுவ? யுபராஜ்!”

யுபராஜ் மேலே மலையைக் காட்டினான்.

ஐயர் கொஞ்ச நேரம் ஹாலுக்குள்ளேயே நடந்தார். பிறகு செருப்பை மாட்டினார். “எவ்வளவு தூரம்?” என்றார். வெள்ளை ஜிப்பா, வெள்ளை வேட்டி, கையில் குடை. நானும் யுபராஜும் பின்னால் போனோம். அவர் எட்டு இடத்தில் உட்கார்ந்தார். நான் எண்ணினேன். நான் முதல் நாள் இரண்டு இடத்தில்தான் உட்கார்ந்தேன் என்பதையும் அவர் காதில் விழும்படி யுபராஜிடம் சொன்னேன்.

இன்று இவர்களுக்கு ஆசார் பதினைந்து. நடவுத் திருநாள். தயிரும் அவலும் சாப்பிட்டு, ஒருவர்மேல் ஒருவர் சேற்றை அள்ளி வீசிக்கொண்டு நடுவார்கள். நாங்கள் போனபோது ஹவில்தார் வயல் ஒரே கூச்சல். பெண்கள் வரிசை ஒன்று. அதன் பக்கத்தில் பதினொரு பாஸ்டர்கள் வரிசை. நாற்றுச் சுமக்கிறவர்கள், வரப்பு வெட்டுகிறவர்கள், கோணல்மாணலாக நட்டுப் பெண்களிடம் திட்டு வாங்குகிறவர்கள். சுக்மான் நடுவில், தலை வரைக்கும் சேறு.

எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள், ஹவில்தாரைத் தவிர. வரப்பில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

“இப்ப என்னவாம் அவருக்கு?” என்றேன். “ஆள் வரலைன்னு கத்தினாரு, வந்துட்டாங்களே.”

யுபராஜ் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னான். “நான் கேட்டது ஒரு ஆள், வந்தது பதினொண்ணு. இனி நான் பத்து ஊருக்குத் திருப்பி ஆள் அனுப்பணும். ஒரு ஊரு ரெண்டு நாள் நடை. எவன் போவான்னு கத்துதாரு.”

பாஸ்டர்கள் திருப்பித் தரவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதில்தான் அவருக்குக் கோபம் இன்னும் ஏறியிருக்கிறது. பர்ம என்றால் பர்ம. பட்டாளத்துக்காரன் எவனிடமும் சும்மா வாங்கமாட்டான்.

இங்கேதான் ஐயர் வாயைத் திறந்தார். அவர் வாத்தியார். கூட்டம் கத்தினால் அவருக்குத் தாங்காது.

“யுபராஜ், அவர்ட்ட சொல்லு. பத்து நாள் வேலைக்குப் பதிலா எனக்கு அரைமணி நேரம் குடுத்தாப் போதும். இந்த அரைமணி நேரம் வயல்ல ஒருத்தரும் சத்தம் போடக்கூடாது. எனக்கு ஒரு பரீட்சை பாக்கி இருக்கு.”

ஹவில்தார் யோசித்தார். கணக்கு அவருக்குப் பிடித்தது. ஒரு அதட்டுப் போட்டார். வயல் முழுக்க வாய் மூடியது. கேள்வித்தாளை ஐயர் மடித்து ஜிப்பாப் பையில் கொண்டுவந்திருக்கிறார்! அப்படியென்றால் கீழே செருப்பு மாட்டும்போதே முடிவு பண்ணிவிட்டார். எட்டு இடத்தில் உட்கார்ந்தும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, மனுஷன்.

ஐயர் வரப்பில் நின்று கேட்க, யுபராஜ் சொல்ல, சுக்மான் குனிந்து நட்டுக்கொண்டே பதில் சொன்னான். பத்துக் கட்டளை சொன்னான். மேய்ப்பனுக்கு இருக்க வேண்டிய குணங்கள் ஏழும் சொன்னான், வகுப்பில் ஐயர் இருமின இடத்தில் அவனும் இருமினான். அப்படியே மனப்பாடம் பண்ணியிருக்கிறான். ஞானஸ்நானம் என்றால் என்ன என்று கேட்டபோது ஹவில்தார் மகள்கூட நடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

கடைசிக் கேள்வி: “சபையான் ஒருவன் தொடர்ந்து வராமல் போனால் போதகர் என்ன செய்ய வேண்டும்?”

புத்தகத்தில் இருக்கிற பதில் எனக்கே தெரியும், அடுப்படி வரைக்கும் கேட்டதுதான். வீட்டுக்குப் போய் விசாரிக்க வேண்டும், புத்தி சொல்ல வேண்டும், மூன்றாம் முறை மூப்பரோடு போக வேண்டும்.

சுக்மான் முதல்முறையாக நிமிர்ந்தான்.

“மொதல்ல அவன் எந்த வேலைல மாட்டியிருக்கான்னு பாக்கணும்ங்கான்” என்றான் யுபராஜ். “அந்த வேலைல ஒரு கை போடணும். வேலை முடிஞ்சு அவன் டீ குடுத்தான்னா, அப்ப கேக்கலாம்ங்கான்.”

ஐயர் கேள்வித்தாளை மடித்துப் பையில் வைத்தார். பிறகு, “தேறிட்டான்னு சொல்லு” என்றார். “இன்னைக்கு வகுப்பு இங்கதான் நடந்துருக்கு. வராதவன்னு ஒருத்தன் இல்ல.”

யுபராஜ் அதைச் சொல்லி முடிக்கவில்லை, ஹவில்தார் மகள் வீசிய சேறு ஐயர் ஜிப்பாவில் வந்து விழுந்தது. இந்த நாளில் வரப்பில் சும்மா நிற்கிறவனை விடுவதில்லையாம். ஐயர் என்னைப் பார்த்தார். நான் எங்கோ பார்த்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். அறுபத்தெட்டு வயசில் முதல்முறையாக நெல் வயலில் கால் வைக்கிறார். அவர் நட்ட நாற்றெல்லாம் மிதந்தது. பின்னாலேயே போய் நான் திரும்ப ஊன்ற வேண்டியதாயிற்று. ஒரு வேலைக்கு இரண்டு வேலை.

கரையேறியதும் ஒரு அலறல். கெண்டைக்காலில் அட்டை, திராட்சைப்பழம் மாதிரி. ஐயர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கல்லில் உட்கார்ந்தார். நான் உப்பு வாங்கிவந்து குனிந்தேன்.

கண்ணைத் திறக்காமலே பேசினார். “தேவபிச்சை இடது கையால எழுதுவாரு. மை அழிஞ்சுரும்னு கையைத் தூக்கித் தூக்கி எழுதுவாரு. ராத்திரி பூரா யோசிச்சேன், வரல. மலை ஏறுறப்போ வந்துச்சு.” கெண்டைக்காலை என் பக்கம் நீட்டினார். “மூணு வீட்டு அடக்கம்னு கடுதாசி எழுதியிருந்தாரு. நான் அதைப் படிச்சுட்டுத்தான் கோடு போட்டேன் பொன்கனி.”

நான் என்ன சொன்னேன் என்று எழுதப்போவதில்லை. சங்கத்தார் இந்த டைரியை வாங்கிப் பார்ப்பார்கள். உப்பை மட்டும் கொஞ்சம் அதிகமாகவே வைத்துத் தேய்த்தேன். அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

ஜூலை 1, சனி

பதினொரு பேருக்கும் சான்றிதழ், பிரதிஷ்டை. நாற்பது பேருக்குப் பிரியாணி ஆக்கினேன். கைவைத்து ஜெபித்து ஆமென் சொன்னதும் பதினொரு பேரும் வயலைப் பார்க்க ஓடிவிட்டார்கள். சாப்பிடச்சொல்லி வாசல்வரை விரட்டிக்கொண்டு போனேன். பஜார் நாய்களுக்கு இன்று அசன விருந்து.

ஐயர் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். அடுத்த வகுப்பு அறுவடை முடிந்து டிசம்பரில். டிசம்பரில் இங்கே குளிர் எலும்பைக் கடிக்குமாம். சமையலுக்கு வேறு ஆள் பாருங்கள் என்றேன். “பாக்கேன்” என்றார். பார்க்கமாட்டார்.

ஜூலை 2, ஞாயிறு

சிம்லேக்குக் கீழே ஒரு ஓடை. இவர்கள் தண்ணீரில் முக்கித்தான் ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள். தெளித்தால் போதாதா என்று ஐயர் முணுமுணுத்தார். கொடுக்கப்போகிறவர் நீங்கள் இல்லை என்றேன். கரையில் நின்றுகொண்டார்.

சுக்மான் இடுப்பளவு தண்ணீரில் நின்றான். உதடு நீலம் பாரித்துவிட்டது. ஒவ்வொருவர் பெயரையும் உரக்கச் சொல்லி, பிதா குமாரன் பரிசுத்த ஆவி என்று சொல்லி முக்கி எடுத்தான். ஆறு பேர் முடிந்தது. ஏழாவதாகப் பூல்மாயா இறங்கினாள். கட்டுப் போட்ட கையில் பிளாஸ்டிக் பை சுற்றியிருந்தது.

சுக்மான் அவள் தோளைப் பிடித்தான். வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை.

“மறந்துட்டானோ?” என்று ஐயர் பதறினார். “இவ்வளவு படிச்சும் மறந்துட்டானா?”

யுபராஜுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “மறக்கல ஐயரே. இங்க புருஷன் பெண்டாட்டி பேரைச் சொல்லமாட்டான். கல்யாணமாகிப் பதினாலு வருஷம், பெரிய பயலோட அம்மான்னுதான் கூப்பிடுவான். இப்ப பேரைச் சொல்லியே ஆகணும்லா?”

கரையில் பெண்கள் சேலையை வாயில் வைத்துக்கொண்டார்கள். நானும் விடவில்லை. “ஏல சுக்மான், சொல்லுல! தண்ணி ஐஸா இருக்கு, அந்தப் பிள்ளை வெறைக்கா!” என்று கத்தினேன். அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் புரிந்தது. பூல்மாயா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பல் கிட்டுகிறது, கண்ணில் குறும்பு. அவள் உதவி பண்ணப்போவதில்லை.

சுக்மானுக்குக் காது இரண்டும் சிவந்தது. கண்ணை மூடினான்.

“பூல்மாயா” என்றான்.

“ஹான்?” என்றாள் அவள்.